ஆஃப் செய்வதற்கு முன் மணியைக் குறித்து வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் நம் பத்திரிகையின் உள்பக்கத்தில் ‘சர்வர் முடங்கியது, மக்கள் அவதி’ என்று ஒரு செய்தி வந்திருந்தது. எத்தனை பேர் காத்திருந்தார்கள், எத்தனை மணிக்கு டோக்கன் கொடுப்பதை நிறுத்தினார்கள், ஒரு பாட்டி எத்தனை பஸ் மாறி வந்து திரும்பிப் போனார் என்பதெல்லாம் அதில் இருந்தது. சர்வர் ஏன் முடங்கியது என்பது மட்டும் இல்லை. நிருபரைக் குறை சொல்லவில்லை. அவர் கேட்டிருப்பார், ‘சர்வர் டவுன் சார்’ என்று சொல்லியிருப்பார்கள். அமாவாசை ஏன் வந்தது என்று யாரும் கேட்பதில்லை அல்லவா, இந்தச் சொல்லும் அப்படி ஆகிவிட்டது.

நான் நீடாமங்கலத்தில் இருந்துகொண்டு மன்னார்குடி, வலங்கைமான் பக்கமெல்லாம் கம்ப்யூட்டர் பராமரிப்பு பார்க்கிறேன். இருபது வருஷத்துக்கு மேலாக இதுதான் பிழைப்பு. நெல் அரவை மில், உரக்கடை, ரத்தப் பரிசோதனை நிலையம், கல்யாண மண்டபம் என்று சின்னச் சின்ன இடங்கள். ஏசி அறையில் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நிற்கும் சர்வர் எனக்குப் பழக்கம் கிடையாது. மேஜைக்கு அடியில், தவிட்டுத் தூசிக்குள், யாரோ கழற்றிவிட்ட செருப்புக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருக்கிறதே, அந்தச் சர்வர்தான் நான் பார்ப்பது. அதில் பெரும்பாலும் ஓடுவது லினக்ஸ் என்ற இயங்குதளம்.

‘சர்வர் படுத்துவிட்டது’ என்று போன் வந்தால் பல சமயம் பெட்டி நன்றாகத்தான் இருக்கும். உள்ளே ஓடும் ஏதோ ஒரு சர்வீஸ்தான் படுத்திருக்கும். யூனிக்ஸ் என்ற இயங்குதளம், 1969-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிட்சியும் தொடங்கியது. அதே வழியில் 1991-ல் லினக்ஸ் வந்தது. திரையில் முகம் காட்டாமல் பின்னால் சில நிரல்கள் எப்போதும் விழித்திருக்க வேண்டும் என்பது அங்கே பழைய ஏற்பாடு. ஒன்று தகவல்களைச் சேர்த்து வைக்கும் டேட்டாபேஸைப் பார்த்துக்கொள்ளும், ஒன்று பிரிண்டரை, இன்னொன்று கடிகாரத்தை. நான் சர்வீஸ் என்று சொன்னது இவற்றைத்தான், டீமன் என்றும் பெயர். பேயா என்று கேட்கிறவர்களிடம், ஊர் எல்லை அய்யனார் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். ராத்திரி குதிரையில் சுற்றி வருவதை யாரும் பார்த்ததில்லை, ஊர் தூங்குகிறது. இந்த அய்யனார்களை எழுப்பி நிறுத்துவதும், ஒருவர் விழுந்தால் மறுபடி தூக்கி நிறுத்துவதும் 1 என்ற எண்ணுடைய முதல் பிராசஸின் வேலை (ஓடிக்கொண்டிருக்கும் நிரலுக்குப் பிராசஸ் என்று பெயர்). இன்று பெரும்பாலான லினக்ஸில் அந்த இடத்தில் உட்கார்ந்திருப்பது சிஸ்டம்டி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

மூன்று வருஷத்துக்கு முன், தை மாதம். சம்பா அறுவடை உச்சத்தில் இருந்தது. எங்கள் பக்கத்து மில் ஒன்றில் எடைமேடை சர்வர் படுப்பதும் எழுவதுமாக இருந்தது. லாரி மேடையில் ஏறினால் எடைப்பெட்டி காட்டும் எண்ணை ஒரு சர்வீஸ் வாங்கி டேட்டாபேஸில் எழுத வேண்டும், சீட்டு அடித்துக் கொடுக்க வேண்டும். வேலை அவ்வளவுதான். அது நின்றால் லாரி மேடையிலேயே நிற்கும். பின்னால் டிராக்டர்கள் ரோடு வரைக்கும் நிற்கும். மேலே போர்த்தியிருக்கும் தார்ப்பாயைப் பார்த்துக்கொண்டு சம்சாரி நிற்பார், ஈரப்பதம் ஏறிவிடுமோ என்று.

மேடையில் இருந்த பையன் ஒரு வைத்தியம் கண்டுபிடித்திருந்தான். பவர் பட்டனை அழுத்திப் பிடிப்பான், அணைந்ததும் திரும்பப் போடுவான். இரண்டு மூன்று நிமிஷத்தில் எல்லாம் வந்துவிடும். “பட்டனைப் பிடிச்சா போதும்ணே, அப்புறம் நாள் பூரா ஓடும்” என்று பெருமையாகத்தான் சொன்னான். எனக்கு முன்னால் அங்கே பார்த்துக்கொண்டிருந்தவரும் தன் பங்குக்கு, ‘விழுந்தால் உடனே எழுப்பு’ என்று சிஸ்டம்டிக்கு ஒரு வரி எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார். அந்த வரி தப்பில்லை, நானும் எழுதுவதுண்டு. ஆனால் எழுப்ப ஏற்பாடு செய்துவிட்டால் ஏன் விழுகிறது என்று பார்க்கும் எண்ணமே யாருக்கும் வராமல் போய்விடுகிறது.

முதல் நாள் போனபோது எனக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. சிஸ்டம்டி எழுதும் குறிப்புப் புத்தகத்துக்கு ஜர்னல் என்று பெயர். அதைத் திறந்தால், பையன் கடைசியாகப் பெட்டியை ஆன் செய்த நிமிஷத்திலிருந்துதான் கதை ஆரம்பிக்கிறது. அதற்கு முன்னால் ஒரு வரிகூட இல்லை. விஷயம் இதுதான்: வார் என்பதற்குள் லாக், அதற்குள் ஜர்னல் என்று ஒரு டைரக்டரி இருந்தால் இந்தக் குறிப்புகள் டிஸ்க்கில் தங்கும். இல்லாவிட்டால் ராம் என்கிற தற்காலிக மெமரியில் மட்டும் இருக்கும். பெட்டியை அணைத்தால் அத்தனையும் போச்சு. ஒவ்வொரு தடவையும் அவன் பட்டனைப் பிடித்தபோது, ஏன் படுத்தது என்று எழுதியிருந்த காகிதத்தையும் சேர்த்துக் கிழித்துப் போட்டிருக்கிறான். பாவம், அவனுக்கென்ன தெரியும்.

அந்த டைரக்டரியை உண்டாக்கினேன். அடுத்த தடவை விழுந்தால் பட்டனைத் தொடாமல் என்னைக் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். தொட்டார்கள், அது வேறு விஷயம். வெளியே பதினாறு வண்டி நிற்கும்போது யார்தான் தொடமாட்டார்கள். ஆனால் இந்த முறை குறிப்பு டிஸ்க்கில் தங்கிவிட்டது.

அன்று ராத்திரி மில் ஓய்ந்த பிறகு உட்கார்ந்து படித்தேன். எடை சர்வீஸின் கடைசி வரி, ‘ஸ்டார்ட் ரிக்வெஸ்ட் ரிபீட்டட் டூ குயிக்லி’. எல்லோர் கண்ணிலும் படுவது இந்த வரிதான், எல்லோரும் தேடுவதும் இதைத்தான். அது சொல்வது வேறொன்றுமில்லை, ‘இதற்கு மேல் என்னால் எழுப்ப முடியாது’ என்பதுதான். நாம் வேறு அளவு எழுதி வைக்காவிட்டால், 10 விநாடிக்குள் 5 தடவை கிளப்பிப் பார்ப்பதோடு சிஸ்டம்டி கையை உதறிவிடும். ஒவ்வொரு முயற்சிக்கும் நடுவே அது பொறுப்பது விநாடியில் பத்தில் ஒரு பங்கு. கண் மூடித் திறப்பதற்குள் ஐந்து தடவையும் தீர்ந்துவிடும். அப்புறம் மனுஷன் வந்து கை வைத்தால்தான் உண்டு.

மேலே போனேன். ஐந்து தடவையும் விழுந்ததற்கு முன்னால் ஒரே வரி: ‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு’. டேட்டாபேஸ் கதவைத் திறக்கவில்லை. அப்படியென்றால் எடை சர்வீஸ்மேல் தப்பில்லை. அது கடைமடை.

நம் ஊர்க்காரருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஜூன் 12-ல் மேட்டூரைத் திறந்தாயிற்று, கல்லணையையும் திறந்தாயிற்று, நம் வயலுக்கு மட்டும் தண்ணீர் ஏறவில்லை என்றால் நம் மடையையே திறந்து திறந்து மூடிக்கொண்டா இருப்போம்? மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாய்க்கால் கரையோடு மேலே நடப்போம். எங்கோ மதகில் ஆகாயத்தாமரை அடைத்திருக்கும். அங்கேயும் இல்லையென்றால் இன்னும் மேலே, வெண்ணாறு பிரிகிற மூணாறு தலைப்பு வரைக்கும் போய்ப் பார்ப்போம். சர்வீஸ் விழுந்தாலும் அப்படித்தான், எது எதை நம்பி நிற்கிறது என்று மேலே நடக்க வேண்டும். கடைசி வரி நம் வயல். அடைப்பு இருப்பது முதல் வரியில்.

டேட்டாபேஸின் குறிப்பில் இரண்டே சொல். கில்டு, அதன் பக்கத்தில் 9. இந்த எண்ணுக்கு அர்த்தம் உண்டு. யூனிக்ஸில் ஒரு பிராசஸ் எப்படிச் செத்தது என்பதை எண்ணால் சொல்வார்கள். 11 என்றால் தனக்கு உரிமையில்லாத மெமரி இடத்தைத் தொட்டுச் செத்தது. 6 என்றால் உள்ளே ஏதோ சரியில்லை என்று தானே முடித்துக்கொண்டது. 9 என்றால் வெளியிலிருந்து யாரோ கொன்றது, செத்தவனுக்கு ஒரு வார்த்தை சொல்ல அவகாசமில்லை. அதனால்தான் டேட்டாபேஸ் தன் சொந்த லாகில் ஒரு புலம்பல்கூட எழுதவில்லை. அங்கே ஒன்றும் இல்லையே என்று பலரும் ஏமாந்து போவது இந்த இடத்தில்தான்.

கொன்றது கெர்னல், அதாவது லினக்ஸின் மையப் பகுதி. அதன் வரிகளும் ஜர்னலில் இருந்தன: ‘அவுட் ஆஃப் மெமரி, கில்டு பிராசஸ்’. ராம் முழுக்கத் தீர்ந்துபோனால், பெட்டியே உறைந்துபோகாமல் இருக்க கெர்னல் ஒருவனைப் பலி கொடுக்கும். யாரை? பொதுவாக, அந்த நேரத்தில் அதிக மெமரி வைத்திருப்பவனை. பந்தியில் இடம் போதவில்லை என்றால் பெரிய இலைக்காரரை எழுப்பிவிடுகிற மாதிரி. அவர் நியாயமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவராக இருக்கலாம். டேட்டாபேஸுக்கு நாமேதான் 2 ஜிபி கொடுத்திருந்தோம், பெட்டியில் மொத்தம் 8 ஜிபி. செத்தவனை விட்டுவிட்டுப் பந்தியில் வேறு யார் யார் இருந்தார்கள் என்று பார்க்க வேண்டும். அதற்கும் கெர்னல் ஒரு பட்டியல் போட்டு வைத்திருந்தது. கொல்லும்போது ஓடிக்கொண்டிருந்தவை எல்லாவற்றையும் அதில் எழுதும். பட்டியலை உருட்ட உருட்ட ஒரே பெயர் வந்துகொண்டே இருந்தது. விரல் வைத்து எண்ணினேன். 94.

அது ஒரு சின்ன நிரல். 5 நிமிஷத்துக்கு ஒரு தடவை கிளம்பி, புதிதாகப் போட்ட எடைச் சீட்டுகளை முதலாளியின் போனுக்கு அனுப்பும். எழுதிய புண்ணியவான் ‘போய்ச் சேரும்வரை விடாமல் முயற்சி செய்’ என்று எழுதியிருந்தார். முந்தையது இன்னும் ஓடுகிறதா என்று பார்க்கவே இல்லை. ஒரு பிரதி 60 எம்பி பிடிக்கும். 94 பிரதி என்றால் 5.6 ஜிபி. டேட்டாபேஸையும் சேர்த்தால் பெட்டி நிறைந்தது.

சரி, ஏன் சில நாள் மட்டும்? இதற்கு விடை கம்ப்யூட்டரில் கிடைக்கவில்லை. மறுநாள் காலை கணக்குப்பிள்ளையிடம் கிடைத்தது.

எழுபதை நெருங்கியவர். கம்ப்யூட்டரைத் தொடமாட்டார். மேலே பிள்ளையார் சுழி போட்ட நீள நோட்டு ஒன்று வைத்திருப்பார், மில்லில் நடப்பதெல்லாம் அதில் ஏறும். “தம்பி, இதுல ஏதாச்சும் ஒதவுமா பாரு” என்று தள்ளினார். ஊதா மையில், சாய்வான எழுத்தில் இருந்தது. ‘காலை 7.30 நெட் இல்லை. மாலை 3.20 சர்வர் படுத்தது.’ அதற்கு நாலு நாள் தள்ளி, ‘காலை 9.45 நெட் இல்லை. மாலை 5.40 சர்வர் படுத்தது.’ நடுவில் ஒரு நாள், ‘காலை 8 நெட் இல்லை. 12 மணிக்கு வந்தது.’ அன்று படுக்கவில்லை. நெட் போனதை அவர் எழுதி வைத்ததே வேறு காரணத்துக்காக. அந்த நாட்களில் முதலாளி வெளியூரிலிருந்து போன் போட்டு எடை கேட்பாராம்.

கூட்டிப் பார்த்தேன். 5 நிமிஷத்துக்கு ஒன்று என்றால் மணிக்கு 12. நெட் போனால் ஒரு பிரதியும் முடியாது, எல்லாம் சேர்ந்துகொண்டே போகும். எட்டு மணி நேரம் ஆகும்போது தொண்ணூறைத் தாண்டும். நோட்டில் இரண்டு இடத்திலும் அதே எட்டு மணி நேரம்! நாற்காலியில் உட்கார முடியவில்லை, எழுந்து போய் வாசலில் நின்று ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன். இந்தத் தொழிலில் இப்படி ஒரு காலை எப்போதாவதுதான் வாய்க்கும்.

முதலாளிக்கு ஒரே எடைச் சீட்டு நாற்பது தடவை வந்த நாளும் உண்டாம். நெட் பாதியில் திரும்பி வந்த நாளாக இருந்திருக்கும், சேர்ந்து கிடந்த பிரதிகள் அத்தனையும் ஒன்றாக அனுப்பியிருக்கின்றன. அப்போது அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். யாராவது ஒருவர் சிரிக்காமல் ஏன் என்று கேட்டிருந்தால் எனக்கு மில்லில் வேலையே இருந்திருக்காது.

அதற்கப்புறம் செய்தது அரை மணி நேர வேலை. ஒரு பிரதி ஓடும்போது இன்னொன்று கிளம்பாதபடி பூட்டு போட்டேன். இரண்டு நிமிஷத்துக்கு மேல் முயற்சி செய்யாமல் விட்டுவிடும்படி நிரலை மாற்றினேன். எடை சர்வீஸை எழுப்புவதற்கு முன் 15 விநாடி பொறுக்கும்படி சிஸ்டம்டியிடம் சொன்னேன். ஏனென்றால் டேட்டாபேஸ் செத்தாலும் அதைச் சிஸ்டம்டி தானாகவே எழுப்பிவிடுகிறது. அது தன் கணக்கைச் சரிபார்த்துக் கதவைத் திறக்க அரை நிமிஷம் ஆகும், அவ்வளவுதான். அந்த அரை நிமிஷம் பொறுக்காமல் எடை சர்வீஸ் ஐந்து தடவை முட்டிவிட்டுப் படுத்திருக்கிறது. கூடுதலாக ராம் வாங்கவில்லை. ‘16 ஜிபி போட்டுருவோமா’ என்று முதலாளி கேட்டார். போட்டிருந்தால் சாயங்காலம் படுப்பது நடுராத்திரிக்கு மேல் படுத்திருக்கும், எல்லோரும் சரியாகிவிட்டது என்று நினைத்திருப்போம்.

எல்லாக் கோளாறும் இப்படி வராது. பரிசோதனை நிலையம் ஒன்றில் இன்றைக்கு ஒரு சர்வீஸ், நாளைக்கு வேறொரு சர்வீஸ் என்று மாறி மாறி 11 எண்ணோடு செத்துக்கொண்டிருந்தன. ஒரே நிரல் ஒரே இடத்தில் விழுந்தால் நிரலைச் சந்தேகிக்கலாம். சம்பந்தமில்லாதவை எல்லாம் விழுந்தால் என் கை ராமுக்குத்தான் போகும். ராத்திரி முழுக்க மெமரி சோதனை ஓடவிட்டேன், காலையில் திரை சிவப்பாக இருந்தது. கல்யாண மண்டபத்தில் டிஸ்க் நிறைந்து டேட்டாபேஸ் கிளம்ப மறுத்தது. பழைய கேமரா பதிவுகள், அழித்ததும் ஓடியது. 2018 நவம்பரில் கஜா அடித்துக் கரண்ட் இல்லாமல் நாள் கணக்கில் கிடந்தோமே, அதற்கப்புறம் ஒரு உரக்கடையில் நெட் வழியாகப் பேசும் சர்வீஸ் எதுவுமே நிற்கவில்லை. போர்டில் இருக்கும் காசு அளவு பேட்டரி தீர்ந்து, பெட்டியின் கடிகாரம் பல வருஷம் பின்னால் போயிருந்தது. நெட்டில் எதிரே பேசுவது உண்மையான ஆள்தான் என்று காட்டும் சான்றிதழ்களின் தேதி இன்னும் பிறக்கவே இல்லை என்று அது நினைத்துக்கொண்டால் எதை நம்பிப் பேசும்? பேட்டரி நாற்பது ரூபாய்.

ஆசிரியர் அவர்களே, இவ்வளவு நீளமாக எழுதுவதற்குக் காரணம் அந்தச் செய்தியில் வந்த பாட்டிதான். அவர் திரும்பிப் போன அலுவலகத்தில் பொறுப்பானவர்கள் இருப்பார்கள், பெட்டியைப் பார்க்க ஆளும் இருப்பார். ஆனால் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு நோட்டு இருக்குமா? படுத்த மணி, அப்போது திரையில் என்ன இருந்தது, அன்று காலையிலிருந்து வழக்கத்துக்கு மாறாக என்ன நடந்தது, நெட் இருந்ததா, கரண்ட் வந்து வந்து போனதா. இவற்றை எழுத ஒரு நிமிஷம் ஆகும். எழுதிவிட்டு ரீஸ்டார்ட் செய்யட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. வரிசை நிற்கிறது, எனக்கும் தெரியும். வாசலில் மாட்டும் அட்டையிலும் ‘சர்வர் டவுன்’ என்பதோடு ‘காலை 11.10 முதல்’ என்று ஒரு நேரத்தைச் சேர்த்து எழுதினால், வருகிறவருக்குக் காத்திருக்கலாமா போய்விடலாமா என்றாவது தெரியும். நம் நிருபர்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை அங்கே போனால் ‘எத்தனை மணிக்குப் படுத்தது, போன தடவை எப்போது படுத்தது’ என்று இரண்டு கேள்வி கேட்டு, பதிலை அப்படியே அச்சில் போடுங்கள். இரண்டாவது கேள்விக்குப் பதில் வராவிட்டால் அதையும் போடுங்கள்.

மில் கணக்குப்பிள்ளை இப்போது நோட்டில் நெட்டுக்குப் பக்கத்தில் கரண்ட் என்று இன்னொரு கோடு கிழித்திருக்கிறார். போன மாதம் அவரே போன் போட்டார். “தம்பி, சர்வர் ரெண்டு தடவ தானா ஆஃப் ஆகி ஆன் ஆச்சு. ரெண்டு தடவையும் கரண்ட் போன அதே நிமிஷம். நோட்டுல இருக்கு. யுபிஎஸ்ஸ கொஞ்சம் பாத்துட்டுப் போ.” போய்ப் பார்த்தேன். பேட்டரி உப்பியிருந்தது.

இப்படிக்கு,
கணினிப் பராமரிப்பாளர் ஒருவர்,
நீடாமங்கலம், திருவாரூர் மாவட்டம்.